லாரியின் முதுகில் ஞானஜோதியின் கையெழுத்து

பம்மலில் ஓடும் தண்ணீர் லாரிகளில் பாதிக்கு என் பட்டறையில்தான் டேங்க் கட்டினார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு மூன்று மாடி வீடு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற ஞானஜோதியின் கதை இது.

வேதியியல் படித்தவள். தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், தண்ணீர் விற்கிறவனே பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பான். இவள் சோதித்து, குடிக்கலாம் என்று கையெழுத்துப் போடுவாள். எங்கே பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாள் லாரிக்காரன் துளசிங்கம் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தாள். குளோரின் வாடை. போர்வெல் தண்ணீரில் குளோரின் ஏது? அது கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். அவனுடைய போரோ, மூடிக் கிடக்கும் தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. இத்தனை நாள் எந்தத் தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கே போருக்குப் போய், தானே பிடித்து வந்து சோதித்தாள். தோல் பதனிடுகிற குரோமியம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது.

லேப் முதலாளி வேதசிரோமணி, அவள் போகிற சர்ச்சிலும் பெரிய ஆள்.

"மேசைக்கு வர்ற தண்ணிய டெஸ்ட் பண்றதுதான்மா நம்ம வேலை. போர் எங்க இருக்குன்னு தேடிப் போறது போலீஸ் வேலை."

"குழந்தைங்க குடிக்குதுன்னு தெரிஞ்சப்புறமும் நான் சைன் பண்ணணுமா சார்?"

"மனசுக்குக் கஷ்டமா இருந்தா ஞாயித்துக்கிழமை ஜெபத்துல வெச்சுக்கலாம். இப்ப சைன் பண்ணு."

அவள் போடவில்லை. வேலை போனது.

அந்த லாரியை நம்பியிருக்கும் சந்துக்குப் போய் வீடு வீடாகச் சொன்னாள். கிளியம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாமே, அந்த லாரியும் வராங்காட்டி நாங்க இன்னாத்த குடிக்கிறது? நீ கொணாந்து ஊத்துவியா?"



மனு மேல் மனு போட்டு ஒருவழியாக ஓர் அதிகாரியை வரவழைத்தாள். வெயில் என்று அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "ஒரு பாட்டில் புடிச்சிட்டு வாப்பா" என்றார் துளசிங்கத்திடம். அவன் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்ததைக் கொடுத்தான். அப்புறம் என்ன, தண்ணீர் சுத்தம் என்றே முடிவு வந்தது.

நானே துளசிங்கத்தைக் கூப்பிட்டு அதட்டினேன். என் குரலுக்குப் பம்மல் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் சிரித்தான்.

"அண்ணே, டேங்க் கட்னது நீ. உள்ள இன்னா ஊத்தப்போறன்னு என்னிக்காச்சும் கேட்டியா?"

நான் கட்டுவது இரும்பு. என் டேங்க் ஒழுகியதாக ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம். அதைத்தான் அவனிடமும் சொன்னேன். போய்விட்டான்.

குடிக்கலாம் என்று அவள் முன்பு கையெழுத்துப் போட்ட ஒரு தாளைப் பெரிதாக்கி, லாரியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறான். அதை எடுத்துவிடும்படி அவள் கெஞ்சினாள்.

"ஏம்மா, நீ போட்ட கையெழுத்துதானே? பொய்யாவா போட்ட?"

பொய் இல்லை. அவள் கைக்கு வந்த தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஒருமுறை அந்தத் தாளைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தாள். சாயங்காலமே புதுசு ஒட்டிவிட்டான்.

"வேற லேப்ல கேட்டுப் பாரேம்மா" என்றேன்.

"கேட்டேன் அங்கிள். தானே போருக்குப் போய் தண்ணி புடிக்கிற பொண்ணுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். சந்துக்குப் போகும் லாரி எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. ஹாரன் கேட்டதும் பாடத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறாள். கொக்கி நான் போட்டது. நன்றாகவே விழுகிறது.