செக்கிங் அக்கா பார்த்த நான்கு இல்லங்கள்

என் அக்காவுக்கு எதையும் திருப்பிப் பார்த்தால்தான் நிம்மதி. சட்டையைக் கொடுத்தால் உள்பக்கத்தை வெளியே எடுத்துத் தையலைப் பார்ப்பாள். தட்டைக் கொடுத்தால் கவிழ்த்து அடியைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனவள், அதைக் குப்புறப் போட்டு முதுகைப் பார்த்து, "வேர்க்குரு இருக்கு, கவனிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் தாய் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

துணி கம்பெனியில் முப்பத்தொரு வருடம் செக்கிங் வேலை. நீள மேசை, தலைக்கு மேலே குழல்விளக்கு, பக்கத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் சுருள். ஐந்நூறு சட்டை கொண்ட கட்டு வந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பதை உருவுவாள். மூன்றில் குறை இருந்தால் மொத்தக் கட்டும் திரும்பிப் போகும். தையல்காரர்கள் கெஞ்சினாலும் போகும், மேனேஜர் குதித்தாலும் போகும். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் செக்கிங் அக்காதான். தங்கை என்பதால் எனக்கும் விலக்கில்லை. நான் கட்டிய வீட்டில் எங்கெல்லாம் பூச்சு கோணல் என்று கிரகப்பிரவேசத்தன்றே சொன்னவள். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை நான்.

அப்படிப்பட்டவள் மாமாவை மட்டும் திருப்பிப் பார்க்காமலே கட்டிக்கொண்டாள். ஒருநாள் கம்பெனியில் இரும்பு பீரோ திறக்க மறுத்தது. பேருந்து நிலையத்து மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த சாவிக்காரரைக் கூட்டி வந்தார்கள். தகரப் பெட்டியைத் திறந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார், பீரோவில் காதை வைத்தார், இரண்டு நிமிடத்தில் பூட்டு விட்டது. கைப்பிடியைத் தளர்த்திவிட்டு, கதவை இழுப்பதற்கு முன்பே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அதுதான் அவர் தொழிலில் வைத்திருந்த ஒரே கட்டுப்பாடு. திறப்பது வரைதான் அவர் வேலை, உள்ளே இருப்பது அவர் கண்ணில் படக்கூடாது. நம்பர் பூட்டு என்றாலும் அப்படித்தான். சொந்தக்காரர் நம்பரில் கை வைத்ததும் முகத்தைத் திருப்பிவிடுவார். "ஆச்சுங்க, திரும்பலாம்" என்று அவர்கள் சொல்ல வேண்டும், அப்போதுதான் திரும்புவார்.

மேனேஜர் வேண்டியதை எடுத்துக்கொண்டு யாரோடோ பேசியபடியே போய்விட்டார். சாவிக்காரர் சுவரைப் பார்த்து நின்றார். சாப்பாட்டு மணி அடித்தது, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் அக்காதான் எழுந்துபோய், "ஆச்சுங்க, திரும்பலாம்" என்றாள். திரும்பினார். எட்டு மாதத்தில் கல்யாணம். "எதைடி பார்த்த அந்த ஆளுகிட்ட?" என்று அம்மா கேட்டதற்கு, "முதுகைத்தான் பார்த்தேன், அது போதும்" என்றாள்.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை. வாழ்ந்தார்கள், நன்றாகவே வாழ்ந்தார்கள்.

மாமாவின் அறுபத்தாறாம் வயதில் கோளாறு தொடங்கியது. முதலில் ஒரு வீட்டுச் சாவியை வேறு வீட்டுக்காரரிடம் கொடுத்தார். பிறகு கடைக்குப் போகிற வழி மறந்தது. அப்புறம் நான் யார் என்பது மறந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, மூளை சுருங்கிக்கொண்டு போகிறது, இது திரும்பாது என்று சொல்லிவிட்டார். நான்கு வருடத்தில் அக்காவின் முகமும் போனது. "இந்தாம்மா, வீட்டுக்காரம்மா எங்க போயிருக்காங்க?" என்று அவளிடமே கேட்பார். "வந்துடுவாங்க" என்பாள் அக்கா.

எல்லாம் போனது, கை மட்டும் போகவில்லை. ஊக்கு, ஹேர்பின், பேனா மூடியின் கொக்கி, எது கிடைத்தாலும் அந்தக் கைக்குப் போதும். அக்கா வாசலுக்கு ஒரு பூட்டுப் போட்டாள், திறந்தார். இரண்டு போட்டாள், இரண்டையும் திறந்தார். பழைய பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருப்பார். திறப்பார், அமுக்கி மூடுவார், மறுபடி திறப்பார். அந்த நேரத்தில்தான் அவள் சமைப்பது, குளிப்பது எல்லாம்.

ஒரு மதியம் அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கதவு விரியத் திறந்திருக்கிறது. ஈரத் தலையோடு ஓடியிருக்கிறாள். ரயில்வே கேட்டின் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். ஓடின ஓட்டத்தில் விழுந்து அக்காவின் இடது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஓர் ஆணைக் குளிப்பாட்டி, உடுத்தி, கழிவறைக்குக் கூட்டிப்போக முடியுமா? ஒரு வாரம் செய்து பார்த்தாள். எட்டாம் நாள் நான்தான் வாய் திறந்தேன்.

"அக்கா, ஹோம் பாக்கலாம்."

"வாயக் கழுவு."

"நீ செத்துட்டா அவரை யாரு பாப்பா? நானா? எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும்."

எழுந்துபோய் ஒற்றைக் கையால் மாமாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். மெத்தை, தலையணை, நகம், பாதம், கழிவறை, பதில் சொல்லும் விதம் என்று கட்டம் கட்டமாக. வீட்டில் மிஞ்சிக் கிடந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளையும் பையில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதல் இல்லத்தில் வரவேற்பறை பளபளவென்று இருந்தது, மீன் தொட்டிகூட வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் அம்மா சிரித்த முகமாகச் சுற்றிக் காட்டினார். அக்கா ஒரு கட்டிலின் அருகே நின்று தலையணையைத் திருப்பினாள். அடிப்பக்கம் பழுப்பேறி, முடி ஒட்டியிருந்தது. "உறையை என்னைக்கு மாத்துனீங்க?" என்றாள். "இன்னைக்குக் காலைலதாம்மா" என்றார் அந்த அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அக்கா நோட்டில் ஓர் அம்பை ஒட்டிவிட்டு நடையைக் கட்டினாள்.

இரண்டாவது இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல், அவர்கள் வரவேண்டாம் என்று சொன்ன நேரத்தில் போனோம். முப்பது பேர் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அக்கா அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து பேரின் முன்னால் மண்டிபோட்டுப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று பேருக்குக் குதிகாலில் புண். ஒரு பெரியவரின் இடுப்பை நாற்காலியோடு துணியால் கட்டியிருந்தார்கள். அவர் அக்காவின் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்து, "உன்னையும் கட்டிப்போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். வெளியே வந்து அக்கா தெருவோரமாகவே வாந்தி எடுத்தாள்.

மூன்றாவது பிடித்திருந்தது. சின்ன இடம், பழைய கட்டடம், ஆனால் சுத்தம். சமையல்காரம்மா ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் காலை போன் வந்தது. மாமா மருந்து அலமாரியைத் திறந்து, சமையலறையைத் திறந்து, கடைசியாக வெளிகேட்டையும் திறந்துவிட்டாராம். திறந்துவிட்டு அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். நான்கு பெரியவர்கள் வரிசையாக வெளியே நடந்து போயிருக்கிறார்கள். அதில் ஒருவரைக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஐயா தங்கமானவர்தான். ஆனா எங்களால முடியாது" என்று அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அக்கா அவர் சட்டையின் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தாள். "முப்பத்தொரு வருஷம் நான் எத்தனை திருப்பி அனுப்பிச்சிருப்பேன். இப்ப எனக்கே திரும்பி வருது பாரு" என்றாள். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். கடைசிப் பொத்தானைத் தவறான துளையில் போட்டாள்.

நான்காவது இல்லம் ஊருக்கு வெளியே, புதுக் கட்டடம். அக்கா மூன்று முறை போனாள், மூன்று வெவ்வேறு நேரங்களில். தலையணை சுத்தம், பாதம் சுத்தம், நகம் சீராக வெட்டியிருந்தது. கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. மெத்தையைத் தூக்கி அடியில் மோந்து பார்த்தாள், வாடை இல்லை. பணிப்பெண் ஒவ்வொருவரிடமும் குனிந்து, கண்ணைப் பார்த்துப் பேசினாள். அக்காவுக்கு ஒட்டுவதற்கு ஓர் அம்பு கிடைக்கவில்லை. கடைசியாக வாசல் கதவு. தரையிலிருந்து விட்டம் வரை வழுவழுவென்று ஒரே பலகை, தலை உயரத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம், பக்கத்துச் சுவரில் எண்கள் போட்ட சின்னப் பெட்டி. நான்கு எண் அழுத்தினால் திறக்கும், பார்க்க வருகிற உறவினர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

"சாவித் துளையே இல்லையா?" என்றாள்.

"இல்லைங்கம்மா. ஒண்ணும் நோண்ட முடியாது. பூட்டு, கம்பி மாதிரி இரும்புச் சாமானும் உள்ள கொண்டுவர விடமாட்டோம், வாயில போட்டுக்குவாங்க."

அக்கா நோட்டில் கதவு என்று எழுதி, சரி என்று குறியிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. குறையைத் தேடித் தேடியே பழகிப்போன கண்ணுக்கு, அந்த மனிதருக்கு அந்தக் கதவில் கைவைக்க எதுவுமே இல்லை என்பது தெரியவில்லை. இன்றுவரை அதற்காக அவளை நான் குறை சொன்னதில்லை. என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

சேர்த்த அன்றே தெரிந்துவிட்டது. மாமா கதவின் முன்னால் நின்று உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். முழங்கால் மடக்கி உட்கார்ந்து, விளிம்பை விரலால் ஓட்டிக்கொண்டு போனார். அக்காவைத் திரும்பிப் பார்த்து, "இந்தாம்மா, ஓட்டைய எங்க வச்சிருக்காங்க?" என்றார். அக்கா, "தேடுங்க, கிடைக்கும்" என்றாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று வழியெல்லாம் புலம்பினாள். அவர் தேடினார். மறுநாளும் தேடினார். ஒரு மாதத்தில் விரல் நுனிகள் தோலுரிந்து, களிம்பு போட்டுப் பஞ்சு சுற்றியிருந்தார்கள். சாப்பிடுவது குறைந்தது. சட்டை தோளிலிருந்து வழிந்தது. அக்கா பழைய பூட்டைப் பையில் வைத்துத் தினமும் கொண்டுபோவாள். வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுப்பார்கள்.

"கூட்டிட்டு வந்துடலாம்டி" என்றாள் ஒருநாள்.

"கூட்டிட்டு வந்து?"

அக்கா மாவுக்கட்டுப் பிரித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தாங்கவில்லை. என் வீட்டில் இடம் இருக்கிறது, மனசு இல்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை கிளம்புகிற நேரம். அக்கா எழுந்தாலே அவளைத் தொற்றிக்கொள்வார். அவள் யார் என்று தெரியாது, ஆனால் விடமாட்டார். இரண்டு பேர் விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. "சொல்லாமப் போயிடுங்கம்மா" என்றாள் பணிப்பெண். அக்காவால் அது முடியவில்லை.

ஒருநாள், அவர் அவளுடைய ஒரு கையைப் பிடித்திருக்க, மறு கையால் அக்கா அந்த எண் பெட்டியைத் தொட்டாள். மாமா பார்த்தார். சட்டென்று கையை விட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வேறொருவர் நம்பர் போடும்போது பார்க்கக்கூடாது அல்லவா. அக்கா நான்கு எண்ணையும் அழுத்தினாள், கதவு திறந்தது. நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆச்சுங்க, திரும்பலாம்."

திரும்பினார். திறந்த கதவைப் பார்த்தார், வெளியே ஒரு காலை வைத்திருந்த அவளைப் பார்த்தார். அன்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை எங்கள் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு அக்கா அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. எண் பெட்டியில் கை வைப்பாள், அவர் திரும்புவார், அவள் வெளியே வந்துவிடுவாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. நான் போன பிறகு நீங்கள் சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடம் கேட்டிருந்தாள். "ஆச்சுங்க, திரும்பலாம்னு சொல்லணும். அதே வார்த்தை சொல்லணும். இல்லன்னா திரும்ப மாட்டார்." அந்தப் பெண்ணும் நல்லபடியாகத் தலையாட்டினாள்.

நேற்று நானும் கூடப் போயிருந்தேன். கிளம்பினோம். அக்கா எண்ணை அழுத்தினாள், மாமா திரும்பி நின்றார், நாங்கள் வெளியே வந்தோம், கதவு சாத்திக்கொண்டது. அக்கா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். எதையும் திருப்பிப் பார்க்காமல் விடாதவள், அந்தக் கதவை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் கண்ணாடிச் சதுரத்தின் வழியாகப் பார்த்தேன். வேலை மாறுகிற நேரம். பழக்கமான பணிப்பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவள் சாப்பாட்டுத் தள்ளுவண்டியோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். மாமா சுவரைப் பார்த்தபடி, பஞ்சு சுற்றிய விரல்களைப் பின்னால் கோத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். நான் கண்ணாடியைத் தட்டினேன். புதியவளுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும், ஆனால் திரும்பவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா பையிலிருந்த பூட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள், "இந்நேரம் அவர்கிட்ட சொல்லியிருப்பாங்கல்ல?"

"சொல்லியாச்சுக்கா, நான் பார்த்தேன்" என்றேன்.