குடிலைச் சுற்ற ஒரு சின்ன ரயில்

இடுக்கி மாவட்டத்துக்குள் எங்கே தேடினாலும் ஒரு முழத் தண்டவாளம் கிடைக்காது. ஆனைக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஷிஜு, ரயில் பெட்டி ஒன்றை முதன்முதலில் தொட்டுப் பார்த்தது பதினெட்டு வயதில், கல்லூரியில் சேரப் போன அன்றுதான். அப்படிப்பட்டவன் ரயில் ஓட்டுநர் வேலைக்கு வைத்த தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். பாக்கி இருந்தது மருத்துவச் சோதனை ஒன்றுதான். ஜனவரியில், பாலக்காட்டில்.

அந்த லயத்தின் எட்டு வீடுகளிலும் பட்டம் வாங்கியவன் அவன் ஒருவன். எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அப்பா வேதமுத்து ஏலச்செடிக்கு மருந்தடிப்பவர். அம்மா கத்தரீனாள் காய் எடுப்பவள். பெயரை எங்கே எழுதச் சொன்னாலும் ஷிஜு பின்னால் பட்டத்தையும் சேர்த்தே எழுதுவான், கோவில் சந்தா நோட்டு உட்பட.

நவம்பர் கடைசியில், வருஷா வருஷம் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் பிஜு அவனைப் பிடித்துக்கொண்டான்.

“ஏலே டிரைவரே, இந்த வருசம் குடில்ல ரயிலு ஓடணும். ஓட்டுவியா, இல்ல பேருக்குத்தான் டிரைவரா?”

“ஓட்டுதேன்ண்ணே. எவ்வளவு எடம் தருவ?”

பிஜு காட்டிய இடம் பீடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை. நீளம் இரண்டடி, அகலம் ஒன்றரை அடி. அதற்குள் மாட்டுக் கொட்டகை, ஆடுகள், மூன்று ராஜாக்கள், எல்லாம் போக மிச்சம்தான் தண்டவாளத்துக்கு.

ஷிஜு நாலு நாள் போனில் தேடினான். படத்தில் அழகாக இருந்த ரயில்கள் எல்லாம் நீளமானவை. பெரிய இன்ஜின், பின்னால் நாலு பெட்டி. அவற்றுக்கு வளைந்து திரும்பவே நாலடி வேண்டும். வேதமுத்து எட்டிப் பார்த்து, “இதுல எதாவது நல்லதா எடுலே” என்றார்.

“நம்ம எஸ்டேட் ரோட்டுல டூரிஸ்ட் பஸ் திரும்புமாப்பா?”

“எங்க திரும்பும்? ஜீப்தான் திரும்பும்.”

“அதேதான். நீளமா இருந்தா வளைவுல வயிறு உள்ள வந்து ஆட்ட இடிக்கும், வாலு வெளிய போயி சூசையப்பரத் தள்ளிரும்.”

“வேண்டாம்லே. மனுசன் ஏற்கனவே வீடு கெடைக்காம அலைஞ்சவரு.”

ஆக, குட்டையான மின்சார ரயில். இரண்டே பெட்டி. இன்ஜின் தனியாக இல்லாமல், மோட்டார் ஒரு பெட்டியின் அடியிலேயே இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தேடித் தேடி, கொல்லங்கோட்டில் ஒரு வீட்டில் பொம்மை ரயில்கள் கொடுப்பதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. சான்றிதழ் விஷயமாகப் பாலக்காடு போக வேண்டியிருந்த நாளில் அங்கே இறங்கினான்.

கதவைத் திறந்தவர் கமலாத்தாள். அறுபது வயதிருக்கும். “வாங்க தம்பி. ஊடு கண்டுபுடிக்கச் செரமமாயிருச்சுங்களா?”

முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. “எங்கூட்டுக்காரரு துபாய்ல இருந்து ஒவ்வொன்னாக் கொண்டாந்தாருங்க. அவரு போயி வருசம் ஒன்னாச்சு. இதுகளத் தொடைக்கறதே எனக்கு ஒரு உத்தியோகமாப் போச்சு. எந்த ரயிலு வேணுமுங்க?”

“சின்னதுதாங்க. கோவில் குடிலுக்கு.”

“சாமி காரியமுங்களா? அப்ப காசு வேண்டாமுங்க. பாத்து எடுங்க, நான் காப்பி வெக்கறேன்.”

அவர் உள்ளே போனதும் ஷிஜு வேலையைத் தொடங்கினான். குடிலுக்காக முன்பே வாங்கி வைத்திருந்த தண்டவாளத்தின் வளைந்த துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தான். முதலில் வைத்தது அழகான நீலப் பெட்டி. வளைவில் சக்கரம் ஏறிக்கொண்டது. அடுத்தது கொஞ்சம் குட்டை, உருண்டது. ஆனால் இரண்டு பெட்டிகளின் மூலைகளும் உரசின. மூன்றாவதற்கு மோட்டார் கனம் போதவில்லை, பின்பெட்டியை இழுக்கத் திணறும். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன அவன் தேடியவை. விரல் நீளத்துக்கு இரண்டு பெட்டிகள், நாலே நாலு சக்கரம் ஒவ்வொன்றிலும். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. அதே ரயிலில் இரண்டு ஜோடி இருந்தன, நிறம்தான் வேறு. ஒன்று கொஞ்சம் வெளுப்பு, ஒன்று கொஞ்சம் அடர்த்தி. அடர்த்தியானதை எடுத்தான். நல்ல ஏலக்காய்ப் பச்சை. அம்மாவுக்குப் பிடிக்கும்.

கமலாத்தாள் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

லயத்துக்கு வந்ததும் அம்மாவையும் தங்கை ஜெஸ்னாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பொட்டலத்தைப் பிரித்தான்.

“ஒனக்காகத்தாம்மா பச்சையாப் பாத்து எடுத்தேன்.”

ஜெஸ்னா சிரித்தாள். “பச்சையா? அண்ணே, நல்லாப் பாரு. செங்கக் கலரு.”

“போடீ. ஏலக்கா கலரு.”

“அம்மா, நீயே சொல்லு.”

கத்தரீனாள் ரயிலைக் கையில் வாங்கினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரயிலை விட்டுவிட்டு மகன் முகத்தைப் பார்த்தாள். ஜெஸ்னா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“செவப்புதான்லே” என்றாள் கத்தரீனாள், மெதுவாக.

கல்லூரி லேபில் மற்றவர்கள் ரெசிஸ்டரின் நிற வளையங்களைப் பார்த்தே அளவு சொல்வார்கள். ஷிஜு ஒவ்வொன்றுக்கும் மீட்டர் வைப்பான். சோம்பேறி என்றார்கள், அவனும் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தான். இப்போது கையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்படிப் பார்த்தாலும் அது பச்சைதான்.

“ஒனக்கு முன்னாலயே தெரியுமாம்மா?”

“கண்ணுன்னு தெரியாதுலே.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அஞ்சாங்கிளாஸ் லீவுல காப்பி பறிக்கக் கூட்டிட்டுப் போனேன்லா? செவந்த பழத்தப் பூரா விட்டுட்டுப் பச்சக் காயப் பறிச்சுக் கூடையில போட்ட. கங்காணி கெட்ட வார்த்தையில ஏசுனாரு. நான் என்ன நெனச்சேன், புத்தி புஸ்தகத்துல கெடக்கு, தோட்டத்து வேல இவனுக்கு வராதுன்னு. அன்னைக்கு ராத்திரிதான் ஒங்கப்பாகிட்டச் சண்ட போட்டு ஒன்னய போர்டிங்ல சேத்தது.”

லயத்துப் பிள்ளைகளில் தான் மட்டும் எதனால் படிக்கப் போனோம் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. தன் மூளை என்று நினைத்திருந்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்ல அவசியமும் இல்லாமல் போயிற்று.

மருத்துவச் சோதனையில், நிறப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டித்தான் கண்ணைப் பார்ப்பார்கள். விஷயம் கேட்டு வேதமுத்து ஒரு வழி சொன்னார். “அந்தப் புஸ்தகம் போன்லயே இருக்காம்லா? புள்ளியில ஒளிஞ்சிருக்க நம்பர ஜெஸ்னா சொல்லட்டும், நீ மனப்பாடம் பண்ணிரு. நீ படிக்காத படிப்பா?”

“நம்பர மனப்பாடம் பண்ணலாம்ப்பா. சிக்னல மனப்பாடம் பண்ண முடியாது. பின்னால ஆயிரம் பேரு உக்காந்திருப்பான்.”

ஆனாலும் போய்த்தான் பார்க்கலாமே என்று மூவருமே சொன்னார்கள். அலைச்சலில் கண் களைத்திருக்கும், அந்த வீட்டு வெளிச்சம் சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார்கள். ஷிஜுவும் தலையாட்டினான்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் கூட்டம் குடிலை மொய்த்தது. ரயில் குறையே இல்லாமல் ஓடியது. ஆட்டை இடிக்கவில்லை, சூசையப்பரைத் தள்ளவில்லை. பிஜு அவன் தோளில் கைபோட்டு, “அடுத்த கிறிஸ்துமஸுக்கு இவன் நிஜ வண்டியில இருப்பான், லீவு கெடைக்காது. இப்பவே நல்லாப் பாத்துக்கிடுங்க” என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். ஷிஜு ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றான். கத்தரீனாள் கூட்டத்துக்குள் வரவேயில்லை.

ஜனவரியில் பாலக்காட்டில், திரை போட்ட ஒரு சின்ன அறையில் டாக்டர் புத்தகத்தை விரித்தார். முதல் பக்கம் பன்னிரண்டு. அது யாருக்கும் தெரியும். இரண்டாவது பக்கத்தில் மூன்று என்றான். டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதற்குப் பிறகு வந்தவை வெறும் புள்ளிகள். பொய்யாக எதையும் சொல்ல வாய் வரவில்லை.

“களைப்பா இருக்கேன் சார். நாளைக்கு வரட்டுமா?”

“நாளைக்கு வந்தாலும் இதுதான் மோனே. இது பிறவியில வர்றது. சிகிச்சை இல்ல.” அவர் எழுதிக்கொண்டே சொன்னார். “இஞ்சினியரிங் படிச்சிருக்கியே. வேற ஏதாவது பாரு.”

வெளியே பெஞ்சில் வரிசையாகப் பையன்கள். அடுத்து எழுந்தவன் அவன் கையைப் பிடித்தான். “உள்ள என்னங்க கேக்கறாங்க?”

“ஒரு புஸ்தகம் காட்டுவாங்க. தெரியறதச் சொன்னாப் போதும்.”

அவன் உள்ளே போனான். ஷிஜு கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தாளுக்காகத் திரைக்கு இந்தப் பக்கம் காத்து நின்றான். உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அந்தப் பையன் யோசிக்காமல், வீட்டு விலாசம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனான்.

“பன்னெண்டு. எட்டு. ஆறு. இருவத்தொம்பது.”