சைகோன் ஆற்றில் தனியாகப் போன ஞாயிற்றுக்கிழமை

சைகோனிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பியதற்குப் புதுச்சேரியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சீனாக்காரன் ஒருவனோடு ஓடிப்போய்ப் பிடிபட்டேன் என்றார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எனக்குக் குழந்தை பிறக்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டதாகக்கூட ஒரு பேச்சு. நடந்தது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் படகேறி அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஊரைப்போலவே சைகோனும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது; எங்கள் ஊரில் சைகோன் மாப்பிள்ளைக்குத் தனி மதிப்பு. என் கணவருக்கு அங்கே தபால் ஆபீசில் குமாஸ்தா வேலை. நான் கன்னியர் மடத்தில் படித்தவள், பிரெஞ்சு பேசுவேன், எழுதுவேன். பெண் பார்க்க வந்தபோது அவர், "சைகோன்ல ஆறு இருக்குது. ஞாயித்துக்கெழமையானா படகுல போலாம். கால்வாய் வழியா சீனாக்காரங்க இருக்கிற சோலோன் வரைக்கும் போயி வரலாம்" என்றார். மற்றவர்கள் அவருடைய சம்பளத்தையும் உத்தியோகத்தையும் பார்த்தார்கள். நான் அந்த ஆற்றுக்காகத்தான் சம்மதித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

எட்டு மாதம் அந்த ஊரில் இருந்தேன். நான் பார்த்தது எங்கள் வீடு, மாதா கோயில், இரண்டுக்கும் நடுவே இருந்த மூன்று தெரு. எங்கள் சந்துக்கு இரு பக்கமும் புதுச்சேரிக்காரர்கள், காரைக்கால்காரர்கள். ஆண்கள் ஆபீசுக்கோ காவல் வேலைக்கோ போவார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். கடைக்குக்கூட வேலைக்காரன்தான் போவான். கப்பல்களின் ஊதல் சத்தம் அடுப்படிவரை கேட்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர், "நாளைக்குப் போலாம்" என்பார். ஞாயிறன்று பூசை முடிந்ததும் சீட்டாடப் போய்விடுவார்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். புளிச்சோறு கட்டி வைத்துவிட்டு, நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு ஆள் கொறையுதாம், கூப்ட்டு அனுப்பியிருக்காங்க" என்றார்.

"அப்ப படகு?"

"எங்க போயிடப்போவுது ஆறு? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பயம் இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இல்லை. பயப்படுவதற்கு இடமே இல்லாத அளவுக்குக் கோபம் இருந்தது.

ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. கப்பலிலிருந்து என்னை ராத்திரியில் மூடிய வண்டியில் கூட்டிவந்ததால் எட்டு மாதமாக அது எனக்குத் தெரியாது. கரையில் நின்ற நீராவிப் படகில் சோலோன் வரைக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு முன்பக்கப் பலகையில் உட்கார்ந்தேன். தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல இருந்தது. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து போயிற்று. அரிசி ஏற்றிய பெரிய தோணிகளின் முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருந்தார்கள். ஒரு தோணியின் சுக்கானைப் பிடித்திருந்தவள் ஒரு பெண். முதுகில் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, எதிரே வந்த படகுக்காரனை அவள் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். பாஷை புரியாமலே எனக்குப் புரிந்தது. மனம் கொஞ்சம் லேசானது.

அப்போதுதான் பின்னாலிருந்து தமிழ் கேட்டது. "தபாலாபீஸ்காரர் வூட்டம்மா தானே நீங்க?"

சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நின்றார். படகில் ஏற்றும் சரக்கைப் பார்வையிடுவது அவர் வேலை. கோயிலில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருபவர்.

"ஆமாங்க."

"அவரு எங்க?"

"சீட்டாடப் போயிருக்காரு."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலைங்க. நான்தான் வந்திருக்கேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். படகில் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். கோழிக்கூடையோடு, கீரைக்கட்டோடு, தனித்தனியாக வந்தவர்கள். அவர்களில் ஒருத்தியையும் யாரும் கேட்கவில்லை. "இது நம்ம ஊர்ப் பொம்பளைங்க பண்ற காரியமா? அடுத்த தொறையில எறங்கிக்குங்க. திரும்பிப் போற படகுல ஏறி வூட்டுக்குப் போங்க" என்றார்.

"சோலோனுக்குச் சீட்டு வாங்கியிருக்கேன். அங்கதான் எறங்குவேன்."

அவர் நேராகப் படகை ஓட்டிய பிரெஞ்சுக்காரனிடம் போய், இந்த அம்மாளுக்கு மூளை சரியில்லை, வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டாள், இறக்கிவிட வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். நான் எழுந்து போய், எனக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது, ஊர் பார்க்க வந்திருக்கிறேன் என்று அதே பிரெஞ்சில் சொன்னேன். அந்த வெள்ளைக்காரன் என் உச்சரிப்பைப் புகழ்ந்தான். புகழ்ந்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு துறையில் படகை ஒதுக்கி என்னை இறக்கினான். படகிலிருந்த பெண்கள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். இதை எழுதும்போதுகூட அந்தக் கோபம் அடங்கவில்லை.

கரையில் நாலு மரப்படியும் ஒரு மூங்கில் குடிசையும்தான் இருந்தன. திரும்பிப் போகும் படகு ஒன்று வந்தது. நான் ஏறவில்லை. படியருகே சின்ன ஓடம் ஒன்றில் ஓலைத்தொப்பி போட்ட ஒரு பெண் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் சோலோன் என்று கையைக் காட்டினேன். அவள் என் புடவையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பழத்தாரை ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள்.

அவள் நின்றுகொண்டே துடுப்பை முன்பக்கமாகத் தள்ளி ஓட்டினாள். கால்வாய்க்குள் நுழைந்ததும் ஊர் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டது. கம்பங்கள்மேல் நின்ற வீடுகள், அரிசி ஆலைப் புகைபோக்கிகள், மிதக்கும் காய்கறிச் சந்தை. மீனை ஊறவைத்துச் சாறு எடுக்கும் இடத்தைக் கடந்தபோது வந்த வாடை எங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய்த்திட்டில் கருவாடு காயப்போட்ட நாளைவிட மோசம். நான் மூக்கைப் பொத்தியதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். புளிச்சோற்றில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். முதல் வாய்க்கே காரத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் முழுவதும் சாப்பிட்டாள். எனக்கு வெற்றிலை மடித்துத் தந்தாள். துடுப்பையும் தந்தாள். நான் தள்ளியதும் ஓடம் நின்ற இடத்திலேயே சுற்றி, பக்கத்துத் தோணியில் போய் முட்டியது. யாரும் என்னைக் கோபிக்கவில்லை.

அவ்வளவு சந்தோஷத்திலும் கோபம் போகவில்லை, இன்னும் அதிகமானது. இத்தனையும் எட்டு மாதமாக என் அடுப்படிக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. எனக்கு மட்டும் காட்டவில்லை.

அவள் மாலை ஐந்து மணிக்கு என்னை எங்கள் கரையிலேயே கொண்டுவந்து விட்டாள். வீட்டுக்குள் நுழைந்தால் ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர், சீட்டுக் கூட்டாளிகள் மூன்று பேர், அந்தச் சுங்கக்காரர். அவர்களுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"என் மானமே போச்சு" என்றார் என் கணவர்.

நான் சுங்கக்காரரைக் கேட்டேன். "இவருகிட்ட எப்ப வந்து சொன்னீங்க?"

"பதினோரு மணிக்கே வந்து சொல்லிட்டேனே" என்றார், பெருமையாக.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெயர் தெரியாத துறையில் ஒருத்தியை இறக்கிவிட்டாயிற்று. அவள் வீடு திரும்பவில்லை. ஆறு மணி நேரமாக ஐந்து பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். "தண்ணியில விழுந்தாளா, வழி தவறிட்டாளான்னு ஒருத்தராவது தேடி வந்தீங்களா?" என்றேன்.

 என் கணவர், "வெளியில போயி தேடுனா நாலு பேருக்குத் தெரிஞ்சிடாது?" என்றார்.

அந்த வீட்டில் நான் சொன்ன கடைசி நீளமான வாக்கியம் நான் கேட்ட அந்தக் கேள்விதான். அடுத்த கப்பலில் என்னைப் புதுச்சேரிக்கு அனுப்புவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அடுப்படியில் பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் அந்த ஊரில் பதினான்கு வருஷமாக இருந்தவர்.

ஊருக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தோடு அனுப்பினார்கள். புதுச்சேரியில் கப்பல் கடலிலேயே நின்றது, ஆட்களைக் கரைக்கு ஏற்றிவரும் சலங்குப் படகில் இறங்கி, அலை தூக்கித் தூக்கிப் போட, கடல் பாலத்தடிக்கு வந்தோம். அப்பா பாலத்தில் நின்றார். பிரயாணம் எப்படி என்று கேட்கவில்லை. "தனியாவா போன?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொன்னார்கள். போனேன். சாமியார், "புருஷனுக்குக் கீழ்ப்படியலைன்னு சொல்லும்மா, போதும்" என்றார்.

"அவரு போகக்கூடாதுன்னு சொல்லல சாமி. கூட்டிப்போறேன்னுதான் சொன்னாரு. கீழ்ப்படியலைன்னு சொன்னா பொய் சொன்ன பாவம் சேருமே."

அவர் வெகுநேரம் இருமினார். பிறகு மாதாவை வேண்டும் அருள் நிறைந்த மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லி அனுப்பினார். நான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து என் கணவர் விடுப்பில் வந்தார். வீட்டில் விருந்துபோலச் சமைத்தார்கள். சாப்பிட்டு முடித்து, எல்லாரும் கேட்கும்படியாக, "நான் மன்னிச்சிட்டேன். துணிமணி எடுத்து வை, பதினஞ்சு நாள்ல கப்பல்" என்றார்.

"எதுக்கு மன்னிச்சீங்க?" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது. நீங்களே சொல்லுங்க."

அவர் என் அம்மாவைப் பார்த்தார். படகில் போனதற்கு என்று வாய்விட்டுச் சொன்னால் அவருக்கே சிரிப்பாக இருந்திருக்கும். அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்தார்கள். நான் நகரவில்லை. "நான் செத்துட்டேனா இருக்கேனான்னு தெரியாம ஆறு மணி நேரம் காப்பி குடிச்ச ஆளோட என்னால இருக்க முடியாது" என்றேன். எழுந்து போய் என் தட்டை நானே கழுவி வைத்தேன்.

அவர் தனியாகவே கப்பலேறினார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வேலைக்குப் போகவும் வரவும் தனியாகத்தான் நடந்தேன், தெரு முழுக்கப் பார்த்தது. அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.