எந்தக்கா

"எந்த அண்ணன்?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டுவார். பேரைச் சொன்னால் போதாது. வயசு, தெரு, சர்க்கரையா பிரஷரா என்று குடைந்தெடுப்பார். ஒரே பேர்க்காரர் இருவருக்கு மருந்து மாறிவிடக் கூடாதே! மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பேர் 'எந்தக்கா'. கோபமெல்லாம் இல்லை. "இந்தப் பேர்ல இன்னொருத்தி இருக்க மாட்டால்ல, அது போதும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடைச்சல் குடும்பத்தில் செத்துப்போனவர்கள் பக்கம் திரும்பும். சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய பதிவுகளின் நகல்கள். தட்டு வைக்க இடம் தேடி அவருடைய அப்பா சுற்றிச் சுற்றி வருவார்.

"பேரன்னா பேரை வச்சிக்கிறவன்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக அந்தக் காலத்துல நம்ம குடும்பத்து அண்ணனும் தம்பியும் சொல்லி வச்ச மாதிரி மூத்த பையனுக்கு ஒரே தாத்தா பேரை வைக்கணுமா?" என்று எந்தக்கா தலையில் அடித்துக்கொள்வார். அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் இனிஷியல்தான் வேறு. அதை எழுதச் சோம்பல்பட்ட குமாஸ்தாக்களை அவர் திட்டுவதை இங்கே அச்சிட முடியாது.

அந்தத் தம்பி மகன்தான் அப்பாவைப் பெற்றவர். அவரும் அண்ணன் மகனும் துறைமுக வேலைக்கு ஒன்றாகப் போனார்கள். ஒருவர் காய்ச்சலில் செத்தார், ஒருவர் கப்பலேறித் திரும்பவே இல்லை. யார் எவர் என்று சொல்ல ஆளில்லை. செத்தது எங்கள் பிள்ளை என்று அண்ணன் வீட்டார் முந்திக்கொண்டார்கள். கைக்குழந்தையாக இருந்த அப்பா, ஓடிப்போனவன் மகனாகவே வளர்ந்தார். கிழவரான பிறகும் கையெழுத்தில் இனிஷியல் போடுவதில்லை. கேட்டால், "விட்டுட்டுப் போனவன் எழுத்து எனக்கெதுக்கு?" என்பதோடு சரி. அந்தப் பதில் மகளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று நகல்களை வரிசையாக வைத்தார். கப்பலேறியவர் பயணப் பதிவில் வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்பாவைப் பெற்றவரின் கல்யாணப் பதிவில் கைநாட்டு. காய்ச்சலில் செத்தவரின் ஆஸ்பத்திரித் தாளிலும் கைநாட்டு. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் நாலு தடவை சரிபார்த்தார்.

"அப்பா, காய்ச்சல்ல செத்தது அவர்தான்."

"எந்த அவரு?" என்றார் அப்பா, மகளின் கேள்வியையே கேட்டு.

"உங்கப்பா. அவரு ஓடிப்போகலப்பா."

அப்பா ரேகையைக் கண்ணாடியில்லாமல் பார்த்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார். "சரி, இதையெல்லாம் எடு. தட்டு வைக்கணும்" என்றார். எந்தக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் காலை கூரியர்காரர் வந்தார். அப்பா வழக்கம்போல ஓரத்திலிருந்தே தொடங்கி வெறும் பேரை எழுதித் தாளைக் கொடுத்தார். கூரியர்காரர் படியிறங்கியதும், "தம்பி, இருங்க" என்று கூப்பிட்டுத் தாளைத் திரும்ப வாங்கினார். பேருக்கு முன்னால் இடமே இல்லை. கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்தை நெருக்கி எழுதி, பக்கத்தில் அழுத்தி ஒரு புள்ளியும் வைத்தார்.