அப்பாவுக்கும் ஒரு பம்ப்

பெண் கேட்டு வந்த அன்று என் மாமியார், "பிள்ளைக்குக் குடி கிடையாது" என்று இரண்டு தரம் சொன்னார். புகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தலைமன்னாரில் அதையெல்லாம் ஒரு குறையாகப் பார்த்தால் பாதிப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. கடலுக்குப் போகிறவர், காற்றும் குளிருமாக இருக்கும், ஒன்றிரண்டு சிகரெட் பற்றட்டும் என்று விட்டுவிட்டோம். அது ஒன்றிரண்டு இல்லை என்பது கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

நானும் பெரிதாகச் சண்டை பிடித்தவள் இல்லை. மகளுக்கு மூச்சு முட்டு வந்த பிறகுதான் எனக்கு நாக்கு நீண்டது.

மகளுக்கு நாலு வயது. சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அடித்தால் இழுக்கத் தொடங்கிவிடும். மழை பிடித்தாலும் இழுக்கும். போன மாரியில் வீட்டில் இருந்ததைவிட வார்டில்தான் கூட இருந்தோம். கடைசியில் காலையும் மாலையும் எடுக்கச் சொல்லி ஒரு பம்ப் தந்தார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, குழாயை வாயில் வைத்து, மருந்தை அமத்தி, பிள்ளை நிதானமாக மூச்சிழுக்க வேண்டும். எங்கள் மகளாவது நிதானமாக இழுப்பதாவது. உதட்டை இறுக்கிப் பூட்டிவிடுவாள். நான் தலையைப் பிடிக்க, அவர் காலைப் பிடிக்க, ஆட்டுக்கு மருந்து பருக்குவது போலத்தான் ஒவ்வொரு நாளும். பாதி மருந்து காற்றோடு போகும். "ஒழுங்கா எடுக்காட்டி இந்த மாரிக்கும் வார்டுதான்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தாமல், "வீட்டில ஆராவது சிகரெட் பத்துறீங்களோ?" என்றும் கேட்டார். இவர் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பற்றுவதில்லை. வேலிக்கு வெளியே, பூவரச மரத்தடியில் நின்று பற்றுவார். வாய் கொப்பளிப்பார், இஞ்சி டொபி ஒன்றைப் போட்டுக்கொள்வார், சவர்க்காரம் போட்டு முகம் கழுவுவார். அப்படியெல்லாம் செய்துவிட்டு வந்து மகளைத் தூக்கப் போனால், அவள் இரண்டு கையாலும் அவருடைய நெஞ்சைத் தள்ளுவாள். "அப்பா மணக்குது." மீன் நாற்றம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, அதிலேயே பிறந்தவள். புகைதான் ஆகாது. அவர் சிரித்துக்கொண்டே இறக்கிவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

வேப் என்கிற சாமானை நான் முதலில் கண்டது மன்னார்ப் பக்கம் தாராபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பந்தலுக்குப் பின்னால் நின்று அதை இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோபெரி வாசம். எங்கள் மகள் இருமவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டப் போனாள். அன்றைக்கே என் மூளையில் மின்குமிழ் எரிந்தது. புகையும் இல்லை, சாம்பலும் இல்லை, நாற்றமும் இல்லை. இதைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றிரவு தொடங்கி போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். பேட்டரி ஒன்று வேண்டும். அதன் தலையில் டாங்க் என்று ஒரு கண்ணாடிக் குப்பி திருகி இருக்கும். குப்பிக்குள் திரவம், நடுவில் பஞ்சு சுற்றிய கொயில். கொயில் சூடாகி, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகி வாய்க்கு வரும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் வீடியோவில் பேசுகிறவர்கள் அதை ரொக்கெட் விடுவது மாதிரிப் பேசினார்கள். ஒருவன் பெரிய காற்றுத் துளை உள்ள டாங்க்தான் நல்லது என்று அறையே மறைகிற அளவுக்கு ஊதிக் காட்டினான். இன்னொருவன், புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சின்னத் துளைதான் சரி, சிகரெட் இழுக்கிற மாதிரியே இருக்கும் என்றான். எனக்கு இரண்டாமவனைப் பிடித்தது. அறை மறைய ஊதினால் மாமியார் நெருப்புப் பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஊற்றிவிடுவார்.

எங்கள் கையில் இருந்தது குறைந்த காசு. அதனால் நன்றாக யோசித்துத்தான் மன்னார் பஸாருக்குப் போனேன். போன் கவர் விற்கிற ஒரு கடையில் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தது. வெளியில் அடுக்கி வைத்திருக்கவில்லை. கடைக்காரர் நடுத்தர வயது மனிதர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருக்குத் தங்கச்சி?"

"வீட்டுக்காரருக்கு. சிகரெட்டை விடுறதுக்கு."

"விடுறவை இதை வாங்கிறேல்ல. மாறுறவைதான் வாங்கிறவை" என்றார். அந்தச் சொல்லை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாபாரி இப்படிப் பேசினால் விலையைக் கூட்டப் போகிறான் என்றுதான் பொருள்.

மூன்று டாங்க் எடுத்து வைத்தார். ஒன்று வானவில் நிறத்தில் மினுங்கியது. ஒன்று மிகவும் மலிவு. மற்றது கறுப்பு, பார்க்கவே பிடிக்காத முகம். மலிவானதில் கை வைத்துவிட்டேன். பிறகுதான் எங்கள் கரையில் எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஞாபகம் வந்தது. எஞ்சினின் விலையை எவரும் முதலில் கேட்பதில்லை. பழுதானால் சாமான் எங்கே எடுப்பது என்றுதான் கேட்பார்கள். சாமான் கிடைக்காத எஞ்சினை வாங்கியவர்களின் படகுகளில் இப்போது கோழி முட்டையிடுகிறது.

"அண்ணை, இதுக்குக் கொயில் இஞ்ச எடுக்கலாமோ?"

"மலிவுக்கு எடுக்கேலாது. மினுங்கிறதுக்குக் கொழும்பால வரவேணும். கறுப்புக்கு எப்பவும் இருக்கும்."

பேட்டரி ஒன்றோடு கறுப்பை எடுத்தேன். மேல் மூடியைத் திறந்து திரவம் ஊற்றலாம், காற்றுத் துளை சின்னது, கொயில் பக்கத்திலேயே கிடைக்கும். திரவம் மாம்பழ வாசம். அதில் நஞ்சு என்று எழுதியிருந்ததால் திரவக் குப்பியை அலுமாரிக்கு மேலே வைத்தேன். அவ்வளவு கவனம் எனக்கு.

முதல் நாளே பஞ்சு கருகியது. திரவம் ஊற்றினால் பஞ்சு ஊறும் வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இவருக்கு எங்கே பொறுமை. ஊற்றினார், இழுத்தார், இருமினார். இவரோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர் என் அண்ணன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எண்ணெய் ஏற முன்னம் எஞ்சினைக் கயிறு போட்டு இழுப்பியோ மச்சான்?" அடுத்த கொயிலோடு ஆள் திருந்திவிட்டார். சிகரெட் ஒன்றுகூட வாங்கவில்லை. நான் பங்குத் தந்தையைக் கண்டால்கூடச் சொல்லிக்கொள்ளலாம் போல் பெருமையாக இருந்தேன்.

ஒரு சிக்கல் கடலில்தான் வந்தது. எங்கள் ஆட்கள் வலையை விட்டுவிட்டு மணிக்கூடு பார்ப்பதில்லை. ரெண்டு சிகரெட் நேரம் என்றால் ரெண்டு சிகரெட் நேரம். முடிந்ததும் அடிக்கட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழும்பி வலையை இழுப்பார்கள். அண்ணன் புகைப்பதில்லை, ஆனால் அவருக்கும் அதுதான் கணக்கு. இவர் வேப்பை இழுக்கத் தொடங்கினார். இழுத்தார், இழுத்தார், அது முடியவே இல்லை. அண்ணனும் இன்னும் முடியவில்லையே என்று சாய்ந்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். நீரோட்டம் மாறி வலை போய்க் கடலடியில் கல்லுப் பாரில் மாட்டிக்கொண்டது. கிழிந்த வலையோடு கரைக்கு வந்த அண்ணன் என்னிடம்தான் பாய்ந்தார். "முடிவில்லாத சாமானை எதுக்கடி வாங்கிக் குடுத்தனி?"

சிரித்தேன். ஆனால் வீட்டிலும் அதே கதைதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சிகரெட் என்றால் வேலிக்கு வெளியே போக வேண்டும், முடிந்தால் உள்ளே வர வேண்டும். இதற்குப் போகவும் தேவையில்லை, வரவும் தேவையில்லை. கதிரையில் இருந்து டிவி பார்த்துக்கொண்டே இழுத்தார். சாப்பிட்டுவிட்டு இழுத்தார், படுக்கையில் சரிந்துகொண்டு இழுத்தார். வீடு முழுக்க மாம்பழம் மணத்தது.

மகள் கிட்ட வரத் தொடங்கினாள். முதலில் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் மடியில் ஏறிவிட்டாள். அவர் மூச்சுக்கூட விடாமல் அப்படியே இருந்து, "இஞ்ச பார், பிள்ளை வந்திட்டாள்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. அவர் கையில் இருந்ததை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அப்பாக்கும் பம்ப் தந்தவையோ?" என்று கேட்டாள். அவர் சாமானை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார். அன்று மாலை நான் பம்பை எடுத்து வந்தபோது அவள் ஓடவில்லை. தன் சின்னக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டு, வாயைத் திறந்து, நிதானமாக இழுத்தாள். பக்கத்தில் அவரும் இழுத்தார். பிடிக்கவும் இல்லை, பருக்கவும் இல்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் இரண்டு பேரும் அக்கம்பக்கமாக இருந்து இழுத்தார்கள். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். கிளினிக்கில் போய், பிள்ளை இப்போது ஒழுங்காக மருந்து எடுக்கிறாள் என்று சொன்னேன். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. நர்ஸ் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் மாலை, செபமாலைக்கு முன்னால், வழக்கம் போல இரண்டு பேரும் இருந்தார்கள். மகள் தன் மருந்தை முடித்தாள். குழாயின் வாயைத் தன் சட்டையில் துடைத்தாள். அதை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, இண்டைக்கு மாத்துவம். நீங்கள் என்ர எடுங்கோ."

அவர் சிரித்தார். "ஏன் பிள்ளை?"

"உங்கட மருந்து நல்லமில்லை. நாள் முழுக்க எடுக்கிறீங்கள், சுகமாகேல்லத்தானே. என்ர ரெண்டு தரம் எடுத்தாக் காணும்." மற்றக் கையை அவருடைய டாங்கை நோக்கி நீட்டினாள். "அதை நான் எடுக்கிறன்."

அவர் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். நான் அடுப்படியிலிருந்து எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மகள் இன்னும் தன் பம்பை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். கொடுக்க மனம் வராத பிள்ளை அவள், ஒரு டொபியைக்கூடப் பாதி தர மாட்டாள்.

"அப்பாக்குச் சுகமாகிட்டுது பிள்ளை" என்றார் அவர். சாமானை என் கையில் வைத்தார். "இனி அப்பாக்கு வேண்டாம்."

மகள் நம்பவில்லை. மடியில் ஏறி, டொக்டர் தனக்குச் செய்வது போல அவருடைய சட்டையை விலக்கி, காதை நெஞ்சில் வைத்தாள். "மூச்சை இழுத்து விடுங்கோ." அவர் இழுத்து விட்டார். நான் நின்ற இடத்துக்கே அந்தக் கரகரப்புக் கேட்டது. எத்தனையோ வருஷமாக அந்த நெஞ்சில் தலை வைத்துப் படுத்தவள் நான், எனக்கு அது பழகிவிட்டது.

"இன்னும் இருக்கு அப்பா" என்றாள் அவள்.

அடுத்த நாள் மாலையும் அவள் தன் மருந்தை எடுத்துவிட்டு அவருடைய மடியில் ஏறினாள். அவர் சட்டையைத் தானே விலக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல மூச்சை இழுத்து விட்டார். காலையிலிருந்து அவர் எதையும் இழுத்திருக்கவில்லை. மகள் நெடுநேரம் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.