வேனில் என் புதன்கிழமை

எண்பதுகளில் மலேசியாவில், ஷா ஆலத்துத் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தேன். கிள்ளானிலிருந்து கம்பெனி வேனில் போய்வருவேன். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதற்காக அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். பேசாத வீட்டில் எனக்கென்ன வேலை என்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விட்டுக் கிளம்பி, கிள்ளானில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். தனியாகச் சாப்பிட உட்காரும்போது ரோஷம் துணைக்கு வராது என்பது பிறகுதான் புரிந்தது.

வேனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாளைக்கு ஒருவருடைய கேசட். திங்கட்கிழமை டிரைவர் அண்ணனின் பக்திப் பாட்டு, செவ்வாய்க்கிழமை பேக்கிங் பிரிவு அக்காவின் பழைய சினிமா டூயட். பிடிக்கிறதோ இல்லையோ, அன்றைய கேசட்டை யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. எனக்கு மட்டும் நாள் இல்லை. "இங்கிலீஷ் ஸ்கூல் பொண்ணு, நம்மகூடல்லாம் பேசுமா" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டுதான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு புதன்கிழமைக்காரர் வேலையை விட்டுப் போனார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, இனிமே புதன் உன்னோடது. கேசட் கொண்டு வா" என்றார்.

என்னிடம் இருந்ததே ஒரு கேசட்தான். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் வாங்கியது. ஒற்றைப் பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் எதிரும் புதிருமாக வாசிக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் பியானோ கொன்செர்ட்டோ இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக. ஊருக்குப் பிடித்ததாக ஒன்றை வாங்கிப் போட்டிருக்கலாம்தான். எனக்குப் பிடித்ததைத்தான் போடுவேன் என்று ஒரு பிடிவாதம்.

வேன் ஹைவேயில் ஏறியும் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டே இருந்தன. எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"பாட்டு எப்ப வரும்?" என்றார் அக்கா.

"பாட்டு வராதுக்கா. பியானோவும் வாத்தியமும் மட்டுந்தான்."

"கடைசி வரைக்குமா?"

"காலங்காத்தாலே தலைவலி லா" என்றார் பின் சீட்டில் இருந்த ஸ்டோர் அங்கிள்.

"பியானோக்காரன் பாவம். ஒத்தை ஆளா எல்லார்கூடயும் மல்லுக்கட்டுறான்" என்றார் டிரைவர் அண்ணன்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் வழக்கம் வழக்கம்தான், யாரும் நிறுத்தவில்லை. கேசட்டை வேனிலேயே விட்டுவைத்தேன். அடுத்தடுத்த புதன்களிலும் இதே பேச்சு. ஒருநாள் ஜாமில் மாட்டிக்கொண்டபோது மெதுவாக வரும் நடுப்பகுதியை முழுதாகக் கேட்டுவிட்டு, அக்கா சொன்னார்: "இது நல்லாருக்கு. யாரோ நம்மகிட்ட சமாதானம் பேச வந்த மாதிரி." எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அதன் பிறகு வயிற்றில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் நடந்தது. பல வாரம் லீவு. அறையில் படுத்துக்கொண்டு நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: கிடைத்த ஒரு புதனும் இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும். மறுபடி ஜன்னலோர ஊமைதான் நான்.

திரும்பிப் போன நாள் புதன்கிழமை. நான் ஏறினதும் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். டிரைவர் அண்ணன் பிளேயரைத் தட்டினார். என் பியானோ.

"என் கேசட் இன்னும் இங்கேதான் இருக்கா?"

"வாராவாரம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் அக்கா. "புதன் உன்னோடதுதானே. நீ வரலன்னா, உன் நாளை வேற ஆளுக்குக் குடுத்துருவோமா?"

பிடிக்காத சங்கீதத்தை, நான் இல்லாத வேனில், எனக்காக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அந்த நன்றிக்கடன் இன்றுவரை எனக்குத் தீரவில்லை. அன்றைக்குக் கண்ணீர் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

பின்னாலிருந்து ஸ்டோர் அங்கிள் என் தோளைத் தட்டினார்.

"இப்பவே ஏன் அழுவுறே? மெதுவா வர்ற இடம் இன்னும் வரல லா. பொறு."