பத்து மணிக்கு யப்பானில் புதுவருடம்

நிரூபாவின் குரலைக் கேட்டால் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற தமிழர் பாதிப்பேர் நெஞ்சில் கை வைப்பார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? வோபர்னில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. "நாளைக்குக் காலமை உங்களுக்குப் பல்லுக் கிளீனிங் இருக்கு" என்று சொல்லத்தான் போன் எடுப்பாள். அந்தப் பக்கத்தில், "ஐயோ, ஆர் பிள்ளை மோசம் போனது?" என்று கேட்பார்கள். ஏனென்றால், பத்துப் பதினொரு வருடமாகத் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரல் அதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு யப்பான் பாட்டில் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை. கனடா வந்த முதல் குளிர்காலத்தில் அஜின்கோர்ட்டில் ஒரு சுஷிக் கடைக் குசினியில் வேலை செய்தாள். முதலாளி யப்பான்காரர். நாள் முழுக்கத் தன் நாட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார். நிரூபாவுக்கு ஒரு சொல் விளங்காது. ஆனாலும் ஒரு பெண் குரல் ஓரிடத்தில் இழுத்து நின்றபோது, வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு அழுதாள். தமிழ்ப் பாட்டென்றால் யாரையாவது, எதையாவது ஞாபகப்படுத்தித் தொலைக்கும். இந்தப் பாட்டில் அவளுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. கடை பிறகு பூட்டுப்பட்டது. பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

வானொலிக்குச் சொந்தக்காரர் அமிர்தநாதர், தன் வீட்டு நிலக்கீழ் அறையில் தொடங்கி நிலையத்தை இந்த அளவுக்குக் கொண்டுவந்த மனிதர். அவரிடம் ஒவ்வொரு மார்கழியும் நிரூபா ஒரு மணித்தியாலம் கேட்பாள். அந்த வருடம் யப்பானில் வந்த பாட்டுகளைப் பற்றிச் சொல்லி, போட்டுக் காட்டவேண்டும் என்பது அவள் ஆசை. "நாங்கள் தமிழ் ரேடியோ நடத்திறமோ, சுஷிக் கடை நடத்திறமோ?" என்று அவர் சிரித்து அனுப்பிவிடுவார். இந்த மார்கழி முப்பத்தோராம் திகதி காலை நிகழ்ச்சி செய்கிறவர் கியூபாவுக்கு விடுமுறை போய்விட்டார். வேறு வழியில்லை.

"ஒன்பதிலயிருந்து பத்து மட்டும் தாறன்," என்றார் அமிர்தநாதர். "நல்லாய்ப் போனால் இனி ஞாயிறு தோறும் உமக்குத்தான். ஒரு கொம்பிளெயின்ற் வந்தாலும் உம்மட யப்பான் அதோட முடிஞ்சுது. சொல்லிப்போட்டன்."

அந்த நேரத்தைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்த்திருக்காது. இங்கே காலை என்றால் அங்கே இரவு. வருடக் கடைசி இரவில் பெண்கள் சிவப்பு அணி, ஆண்கள் வெள்ளை அணி என்று பிரிந்து, அந்த வருடத்துப் பாடகர்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பாடுவார்கள். நாடே குந்தியிருந்து பார்க்கும். இங்கே பத்து மணி அடிக்க அங்கே புதுவருடம் பிறக்கும். கடைசிப் பாட்டைப் போட்டு, எந்த அணி வென்றது என்றும் சொல்லி, யப்பானோடு சேர்ந்து வருடத்தை முடிப்பதுதான் நிரூபாவின் திட்டம்.

ஒன்பது மணிக்கு ஒலிவாங்கியைத் திறந்தாள். முகத்தையே காட்டாமல் வருடம் முழுக்கப் பாடிப் பெயரெடுத்த ஒரு பெட்டையைப் பற்றிச் சொன்னாள். பங்குனியில் பள்ளிக்கூடம் முடிகிறபோது பிரிவுப் பாட்டு வராவிட்டால் யப்பான்காரருக்கு இளவேனில் வராது என்றாள். பாடி ஆடுகிற பெட்டைகளின் குழுவை விட்டு ஒரு பிள்ளை விலகினால் அதைப் 'பட்டம் பெறுவது' என்றுதான் சொல்வார்கள், அதற்கென்று ஒரு கச்சேரியே வைத்து அழுது அனுப்புவார்கள் என்றாள். மார்க்கம் வீதியிலிருந்து ட்ரக் ஓட்டுகிற ஒருவர் போன் எடுத்தார். "தங்கச்சி, உது நல்லாய்த்தான் கிடக்கு. அவள் என்னவாம் சொல்லுறாள்?" நிரூபாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கண்முன்னே வரிசையில் வந்து நின்றன.

ஒன்பது நாற்பதுக்கு மரண அறிவித்தல். யார் என்ன நிகழ்ச்சி செய்தாலும் அது நிற்காது. வாசித்து முடிய வீணை போடவேண்டும், பாட்டுக் கூடாது. அறிவித்தல் கையில் கிடைத்தால் முதலில் ஒருதரம் மனதுக்குள் வாசித்துப் பார்ப்பது நிரூபாவின் பழக்கம். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. ஒரு காதில் யப்பான் நிகழ்ச்சி நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. இதுவே தன் கடைசி மேடை என்று வருடத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்த ஒரு மூத்த பாடகி, அப்போதுதான் மேடைக்கு நடந்து வந்தாள். இயர்போனைக் கழற்றி வைக்க நிரூபாவுக்கு மனம் வரவில்லை.

"யாழ்ப்பாணம் கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோ வோபர்னை வதிவிடமாகவும் கொண்ட நாகலிங்கம் இரத்தினவேல் அவர்கள் நேற்றுக் காலமானார்," என்று தொடங்கினாள். நாக்குக்குப் பழகிய பாதை, தானாகவே போனது. மனைவி பெயர், மக்கள் பெயர் வாசித்தாயிற்று. காதுக்குள் அந்தப் பாடகி முதல் சொல்லை எடுத்தாள். சனம் எழுந்து ஆர்ப்பரித்தது. "காலஞ்சென்றவர்களான நாகேஸ்வரி, குலசிங்கம், சந்திரவதனா ஆகியோரின் பாசமிகு அண்ணனும் ஆவார்" என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்து வீணையைப் போட்டாள்.

வீணை தொடங்கவும் போன் அடித்தது. இரத்தினவேலின் மகன் ஜெனோசன்.

"அக்கா, வாட் டிட் யூ டூ? என்ர மாமி உயிரோட இருக்கிறா!"

நிரூபா தாளைப் பார்த்தாள். நாகேஸ்வரியும் குலசிங்கமும்தான் காலஞ்சென்றவர்கள். அடுத்த வரியில், 'கனடாவில் வசிக்கும் சந்திரவதனா' என்று கொட்டை எழுத்தில் கிடந்தது. உயிரோடு இருக்கிற மனுசியை ஊர் கேட்கச் சாகடித்துவிட்டாள்.

"என்ர வெடிங்குக்கு அப்பா மாமிக்கு கார்ட்டை மெயில் பண்ணிப்போட்டார், நேர போய்ச் சொல்லேல்லை. அதோட அவ கதைக்கிறேல்லை," என்றான் ஜெனோசன். "அப்பா ஹொஸ்பிற்றலில கிடந்து, 'அவளின்ர பேரை விட்டிடாதை, அவள் ரேடியோ கேக்கிறவள்' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவர். மாமி எங்கட கோல் ஒண்டும் எடுக்கிறா இல்லை. உதைக் கேட்டாவது வருவா எண்டு இருந்தனான். நீங்கள் அவவைச் சாக்காட்டிப்போட்டியள்."

கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லாததற்கா இத்தனை வருடப் பகை என்று வெளியார் கேட்கலாம். நம்முடைய சனத்துக்கு அது தாராளமாகப் போதும்.

வீணை முடிந்துவிட்டது. கைக்கு அகப்பட்ட ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள். அதற்குள் அமிர்தநாதர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"விளம்பரக்காரர் எல்லாம் எனக்குப் போன் அடிக்கினம். என்ன கூத்து இது?"

"பிழையாய் வாசிச்சுப்போட்டன் அங்கிள்."

அவர் தாளைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார். கத்துவார் என்று பார்த்தால், கத்தவில்லை. குரலைத் தணித்துச் சொன்னார்: "வீட்டுக்காரர் தந்த பேப்பரிலதான் பிழை எண்டு சொல்லி, திருத்தி வாசியும். செத்த வீட்டில ஆர் பேப்பரைச் சரிபார்க்கிறது? ஒருத்தரும் கோவிக்காயினம். ஸ்ரேசனுக்கும் மரியாதை, உமக்கும் ஞாயிறு கிடைக்கும்."

"அது பொய் எல்லே?"

"பொய் இல்லை, சமாளிப்பு. உமக்கு ஞாயிறு வேணுமோ, வேண்டாமோ?"

வேணும். எத்தனை மார்கழியாகக் கெஞ்சிக் கேட்டது! அவளுடைய வாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்டது இந்த ஒன்றுதான். நிரூபா சரியென்று தலையை ஆட்டினாள் என்றே சொல்லவேண்டும்.

அப்போது மறுபடி போன் அடித்தது.

"பிள்ளை, டோர்செட் பார்க்கில இருந்து சந்திரவதனா கதைக்கிறன். இப்ப நீர் செத்துப்போனதாய் வாசிச்ச ஆள்."

நிரூபா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"அண்ணன் செத்தது உம்மட வாயாலதான் எனக்குத் தெரிய வந்தது. சரி, அது என்ர திமிருக்குக் கிடைச்சது. ஒண்டு மட்டும் உண்மையாய்ச் சொல்லும். என்னைச் செத்தவள் எண்டு அவை எழுதித் தந்தவையோ, நீர் பிழையாய் வாசிச்சனீரோ?" மூச்சு வாங்கியது. "அவைதான் எழுதினவை எண்டால் நான் போகேல்லை. என்னைத் தலைமுழுகின வீட்டில எனக்கென்ன வேலை?"

அமிர்தநாதர் முன்னால் நின்று தாளை விரலால் தட்டினார். பேப்பரில் பிழை, பேப்பரில் பிழை. பாட்டு முடியப்போகிறது. அந்தப் பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பத்து மணிக்குப் போட வைத்திருந்த கடைசிப் பாட்டு. நிரூபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்ரி, அவை எழுதினது சரி. நான்தான் பிழை. காதில பாட்டுக் கேட்டுக்கொண்டு வாசிச்சனான்."

அமிர்தநாதர் கையை எடுத்துவிட்டார்.

"என்ன எழுதியிருக்கு? உள்ளபடி வாசியும்."

"'கனடாவில் வசிக்கும் சந்திரவதனாவின் பாசமிகு அண்ணனும்.'"

"எனக்கும் பாசமிகு எண்டு இருக்கோ?"

"ஓம் அன்ரி. இருக்கு."

"அதை எனக்கு மட்டும் சொல்லாதையும் பிள்ளை. நான் செத்ததைச் சனம் முழுக்கக் கேட்டது. உதையும் சனம் முழுக்கக் கேக்கட்டும்."

நிரூபா பாட்டை இடையில் நிறுத்தினாள். காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒலிவாங்கியைத் திறந்து, பிழை தன்னுடையது, வீட்டாருடையது அல்ல, பாட்டில் கவனம் போனதால் உயிரோடிருக்கும் ஒருவரைக் காலஞ்சென்றவர் என்று வாசித்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றாள். பிறகு கோண்டாவிலில் இருந்து தொடங்கி, துக்கம் விசாரிக்க வருவதற்கான வோபர்ன் வீட்டு விலாசம் வரை முழுவதையும் மறுபடி வாசித்தாள். சந்திரவதனா என்ற பெயரில் ஒரு கணம் நின்று, 'பாசமிகு' என்பதை மற்ற எந்தச் சொல்லையும்விட மெதுவாகச் சொன்னாள்.

அறிவித்தல் முடிந்தால் வீணைதான், வேறு பேச்சில்லை. வீணை ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து மணி அடித்தது. யப்பானில் புதுவருடம் பிறந்துவிட்டது. சிவப்பு வென்றதா வெள்ளை வென்றதா என்று அவள் பார்க்கவில்லை.

"வாசிச்சது நல்லது," என்றார் அமிர்தநாதர். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் தெரிந்தது. "ஆனால் நான் சொன்னது சொன்னதுதான் பிள்ளை. இவ்வளவு பேர் அடிச்ச பிறகு உமக்கு ஞாயிறு தந்தால் என்னைத்தான் பேசுவினம். உம்மட யப்பான் முடிஞ்சுது."

அவர் போன பிறகு நிரூபா அழுதாள். ஊரிலுள்ள அத்தனை சாவையும் கண் கலங்காமல் வாசித்தவள், ஒரு மணித்தியாலம் கைவிட்டுப் போனதற்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். போடாமல் விட்ட பாட்டு கணினியில் அப்படியே காத்துக்கொண்டு நின்றது.

போன் மறுபடி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"நான்தான் பிள்ளை, சந்திரவதனா. வெளிக்கிட்டிட்டன், கீழ லொபியில நிக்கிறன்." கொஞ்சம் தயங்கினாள். "கேக்கவே வெக்கமாய்க் கிடக்கு. கோவத்துக்குப் பிறகு அண்ணன் வாங்கின வீடு, நான் ஒருநாளும் போகேல்லை. வோபர்னுக்கு எந்த பஸ் எடுக்கோணும்?"

நிரூபா தினமும் வேலைக்குப் போகிற பாதை அது.

"லோரன்ஸ் ரோட்டில கிழக்குப் பக்கம் போற பஸ் அன்ரி. ஒரே பஸ்தான், மாறத் தேவையில்லை."

கட்டடக் கதவு திறந்து மூடுகிற சத்தம் போனில் கேட்டது.

"ஒரே பஸ்ஸோ?" என்றாள் சந்திரவதனா.